பட்டிப்பொல உச்சியில் பாதிக் கண்ணாடித் தண்ணீர்

எனக்கு முப்பத்தேழு வயது. ரயில்வேயில் ஓய்வூதியம் வாங்குகிறேன். அட்டனில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்காரருக்கு இது தெரிந்த நாளிலிருந்து என் பெயர் "பென்சன் ஐயா" ஆகிவிட்டது. நான் படியேறும்போதே, "பென்சன் ஐயாவுக்குச் சீனி கம்மியா போடுங்கடா, வயசான மனுசன்" என்று உள்ளே குரல் கொடுப்பார். விஷயம் பெரிதல்ல. மருத்துவப் பரிசோதனையில் என் வலது காது தோற்றுப்போனது. எஞ்சினில் நிற்பவனுக்குக் காது வேண்டும். அலுவலகத்தில் நாற்காலி தருகிறோம் என்றார்கள். எஞ்சின் இல்லாத இடத்தில் எனக்கு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டின் பின்னறையில் பித்தளைத் தகடும் செப்புக் குழாயும் வைத்து மாதிரி எஞ்சின்கள் செய்கிறேன். ஸ்பிரிட் விளக்கில் தண்ணீர் கொதித்து, உண்மையான ஆவியில் ஓடுகிற எஞ்சின்கள். சுற்றுலாப் பயணங்களுக்கு ஓடும் பழைய நீராவி எஞ்சினுக்குப் புதிதாகத் தெரிவான, நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் பயர்மேன்கள் இருவர் அவற்றைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கேட்டார்: "கண்ணாடியில பாதி தண்ணி இருந்தா பயமில்லைதானே அண்ணே?" என் பதில் மாலை வரை நீண்டது. ரயில் ஆர்வலர்கள் போடும் மலருக்கு அதை அப்படியே எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ரயில் பாதை ஒரு பெரிய வளைவாகச் சுற்றிப் போகும். ஒரே ரயிலை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை பார்க்கலாம். சத்தத்தை வைத்தே எந்த வகை எஞ்சின் ஏறுகிறது என்று சொல்லிவிடுவேன். பரீட்சைத் தாளின் பின்பக்கம் எஞ்சின் படம் வரைந்து அடி வாங்கியிருக்கிறேன். உயர்தர வகுப்பு முடித்து, போட்டிப் பரீட்சை எழுதி, தேவையான சிங்களத்தை ஸ்டேஷன்களிலும் கடைகளிலும் பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டு, டீசல் எஞ்சினில் உதவியாளனாகச் சேர்ந்தேன். நீராவி எஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்றபோது கை தூக்கியவர்கள் மிகக் குறைவு. அந்த வேலையில் உடுப்பு பாழ், முதுகு பாழ், சம்பளத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. நான் கை தூக்கினேன்.

என்னைத் தெரிவு செய்தவர் சாரதி விமலதாச மாத்தயா. சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. தோட்டத்துப் பையனுக்கு இந்த வேலை சரிவராது என்று ஷெட்டில் ஒருவர் சொன்னதற்கு, "மலையில பொறந்தவன்தானே மலை ஏறணும்" என்று அவர் பதில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் அப்படி எதுவும் பேசியதில்லை. எஞ்சினில் அவர் பேச்சு மிகக் குறைவு. ஒவ்வொரு ஸ்டேஷனை விட்டுப் புறப்படும்போதும் சிங்கள வழக்கில் தம்பியை மல்லி என்று கூப்பிட்டு ஒரே கேள்விதான்: "தண்ணி எங்க மல்லி?" பதில் சொன்னதும், ஆவியை விட்டு எஞ்சினை நகர்த்தும் ரெகுலேட்டரை அவர் திறப்பார். பதில் சொல்லாவிட்டால் திறக்கமாட்டார். அவ்வளவுதான்.

நாங்கள் நின்று வேலை செய்யும் எஞ்சின் தட்டில் சாரதி பக்கம், பயர்மேன் பக்கம் என்று இரண்டு உண்டு. நடுவில் கோடு எதுவும் போட்டிருக்காது. ஆனாலும் கோடு இருக்கிறது. பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. என் பக்கத்தது என் பொறுப்பு, அவர் பக்கத்தது அவர் பொறுப்பு. சேர்ந்த புதிதில், நல்ல பிள்ளையாக இருக்க நினைத்து அவர் பக்கத்து அழுத்தமானியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது என்னோடது" என்றார். பிறகு தன் துணியை எடுத்து, நான் துடைத்ததை மறுபடியும் துடைத்தார்.

காலையில் ஆவி எழும்பியதும் முதல் வேலை தண்ணிக் கண்ணாடியைச் சோதிப்பது. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் தடித்த கண்ணாடிக் குழாய் அது. மேலே ஆவிக்கு ஒரு திருகு, கீழே தண்ணீருக்கு ஒரு திருகு, அடியில் வடிகால். மேலதை மூடி வடிகாலைத் திறந்தால் தண்ணீர் மட்டும் சீற வேண்டும். கீழதை மூடி மேலதைத் திறந்தால் ஆவி மட்டும் சீற வேண்டும். இரண்டையும் திறந்துவிட்டு வடிகாலை மூடினால், தண்ணீர் துள்ளி ஏறி ஓரிடத்தில் நின்று ஆட வேண்டும். சோம்பலாக ஏறினால் உள்ளே அடைப்பு. அந்தக் கண்ணாடியை நம்பக்கூடாது. இதை நாளுக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்று சொல்வார்கள். நான் நின்ற இடத்திலெல்லாம் செய்தேன். நீங்களும் செய்யுங்கள்.

சரியாக வேலை செய்கிற கண்ணாடியும் மலையில் முழு உண்மையைக் காட்டாது. பாதி நிரம்பிய போத்தலைப் படுக்கவைத்து ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் ஏறும்போது மூக்கு மேலே இருக்கிறது. தண்ணீரெல்லாம் பின்னால், நெருப்புப் பெட்டிக்கு மேலே வந்து சேர்கிறது. கண்ணாடியும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே நிறையக் காட்டும். உச்சியைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்ததும் அதே தண்ணீர் முன்னால் ஓடிவிடும். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேலே தண்ணீர் இல்லாமல் போனால், அந்த இரும்பு வெறும் நெருப்பில் காய்கிறது. கூரையில் இருக்கும் ஈய அடைப்பு உருகி, பாய்லரின் ஆவி முழுவதும் நெருப்புக்குள் பாய்ந்து, நெருப்பு எங்கள் மேல் வரும். ஈயம் உருகாவிட்டால் நடக்கக்கூடியதை நான் எழுத விரும்பவில்லை.

இனி போட்டோ ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் ஆர்வலர்களுக்கு அது ஒரு சடங்கு மாதிரி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து போவதற்கு மட்டும் வருவதில்லை. நல்ல வளைவிலோ பாலத்திலோ ரயிலை நிறுத்துவோம். எல்லாரும் இறங்கிக் கரையில் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைக்கு முன்னால் ஒரு கால் வைத்தாலும் மற்றவர்கள் விடமாட்டார்கள். நாங்கள் வெறும் ரயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கார்டு கொடி காட்டியதும் புகையும் ஆவியுமாக முழு வேகத்தில் வந்து அவர்களைக் கடந்துபோவோம். மறுபடி பின்னால் வந்து அவர்களை ஏற்றிக்கொள்வோம். எங்கள் எஞ்சின் உலை எண்ணெயில் எரிவது. நெருப்புப் பெட்டிக்குள் ஒரு கரண்டி மணலை வீசினால் குழாய்களில் படிந்த கரியெல்லாம் அடித்துக்கொண்டு வெளியே போகும். அந்தக் கறுப்புப் புகைக்கு அவர்கள் கைதட்டுவார்கள். விமலதாச மாத்தயாவின் ஒரே பலவீனமும் இதுதான். கார்டு கொடியை எடுக்கும் முன் அவர் பையிலிருந்து சீப்பு வெளியே வரும். தலை வாரி, தொப்பியைச் சற்றே சாய்த்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். உலகத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவர் படம் தொங்குகிறது.

ஒருமுறை வட்டகொடை வளைவிலேயே போட்டோ ஓட்டம். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், நான் எஞ்சினில் வருவது தெரிந்து, கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். சரியாக எல்லாருடைய படத்துக்கும் நடுவில் வந்து நின்றார்கள். வரிசையிலிருந்து ஒரே கூச்சல். விமலதாச மாத்தயா எஞ்சினை நகர்த்தவில்லை. "பாக்கட்டும். பாத்து முடிச்ச பிறகு ஓட்டுவோம்" என்றார். அம்மா எஞ்சினைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏண்டா, இம்புட்டுக் கரியா நிக்கிறியே, இதுக்கா படிச்ச?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாத்தயாவுக்கு அந்த அளவு தமிழ் நன்றாகவே விளங்கும். அவரும் சிரித்தார். "அம்மா, கரி இல்லாட்டி அவன் சும்மாதானே நிக்கிறான்" என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. இன்றைக்கும் சொல்வார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் யாருக்கு எதிராகக் கை நீட்டினேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் கை நீட்டிய அன்றைய பயணம் நானுஓயாவிலிருந்து ஒஹிய வரை. பயணத்தை ஒழுங்கு செய்தவர் சிவரூபன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர். ரயில் என்றால் அவருக்கும் உயிர். வந்தவர்களுக்குப் பட்டிப்பொல உச்சியில் ஒரு படம் வேண்டும். பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதையின் மிக உயர்ந்த இடம், பெயர்ப்பலகையோடு இருக்கிறது. அடுத்து இறக்கம், சுரங்கம். எஞ்சின் உச்சியில் ஏறி, பலகையைக் கடந்து, சுரங்கத்துக்குள் நுழைகிற படம்தான் அவர்கள் கேட்டது. வெயிலும் இருந்தது. அந்த மலையில் அது சுலபமாகக் கிடைக்காது.

முதல் ஓட்டத்தில் உச்சிக்குக் கீழேயே நிறுத்திப் பின்னால் வந்தோம். புகை போதவில்லை என்றார்கள். இரண்டாவதில் யாரோ ஒருவர் வரிசைக்கு முன்னால் வந்துவிட்டார். படம் வீண். மூன்றாவதுதான் கடைசி, இம்முறை நிறுத்தாமல் உச்சியைத் தாண்டிப் போய்விட வேண்டும், சுரங்கத்துக்கு அப்பால் நின்று, நடந்து வருகிற ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பாதை ஒன்றுதான் என்பதால் ஒஹியவில் எதிர்ப் பக்க ரயில் எங்களுக்காகக் காத்திருந்தது.

இங்கேதான் சிக்கல். நல்ல படத்துக்கு முழு அழுத்தத்தில் ஆவி வேண்டும். இன்ஜெக்டரைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய் அழுத்தம் இறங்கும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆவியைச் செலவழித்தோம், தண்ணீரைத் திருப்பி வைக்கவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் இணைந்த டெண்டர் தொட்டியில் தண்ணீர் தாராளமாக இருந்தது. பாய்லரில்தான் இல்லை. மூன்றாவது ஓட்டத்துக்காக ரயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் நின்றபோது கண்ணாடியைச் சோதித்தேன். துள்ளி ஏறி, பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. ஏற்றத்தில் நின்றுகொண்டு பாதி.

விமலதாச மாத்தயா சீப்பை எடுத்துவிட்டார். அன்று அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"மாத்தயா, தண்ணி ஏத்தணும்."

எட்டிப் பார்த்தார். "பாதி இருக்குதானே."

"மேட்டுல நிக்கிறோம் மாத்தயா. அந்தப் பக்கம் சாஞ்சா இருக்காது."

"மேல போய் நிப்பாட்டி ஏத்துவோம்."

மேலே நிறுத்த இடமில்லை. உச்சியில் மட்டமான இடம் ஒரு எஞ்சின் நிற்கும் அளவுக்குக்கூட வராது. அதுவும் முழு நெருப்போடு வேகமாக ஏறிவருகிற ரயிலை அந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது நடக்காத காரியம். இது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குக் கூடுதலாகத் தெரியும். சொன்னேன். "நான் இந்த மலைய இன்னைக்கா பாக்குறேன்?" என்றார். அதில் கோபம் இல்லை. வரிசையில் நிற்கிற கெமராக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

கீழிருந்து சிவரூபன் கத்தினார். "என்ன தம்பி சுணக்கம்? அவையள் குளிரில விறைச்சுப்போய் நிக்கினம். வெயில் போகப்போகுது. எஞ்சின் ஏறும், பயர்மேனுக்குத்தான் ஏலாதோ?"

என் பக்கத்து இன்ஜெக்டரைத் திறந்தேன். அது ஒன்று மட்டும் போதாது. ரெகுலேட்டர் அவர் கையில் இருக்கிறது, அழுத்தம் இன்னும் நிறைய இருக்கிறது, அவர் நினைத்தால் அந்த நொடியே புறப்படலாம். நான் தட்டைக் குறுக்கே கடந்து, அவர் முழங்கைக்குக் கீழாகக் கையை விட்டு, அவர் பக்கத்து இன்ஜெக்டரையும் திறந்தேன்.

நீராவி எஞ்சினில் வேலை செய்யாதவர்களுக்கு இது ஒரு திருகைத் திறந்த செய்தி. செய்தவர்களுக்கு விளங்கும். மேற்பார்வையாளரின் மேசைக்கு அந்தப் பக்கம் போய் அவர் நாற்காலியில் உட்கார்வது மாதிரி.

"கைய எடு மல்லி."

"எடுக்க மாட்டேன் மாத்தயா. எறங்கிப் போகச் சொன்னா போறேன். தண்ணி ஏறின பிறகு போறேன்."

அவர் தன் கையைத் திருகின் மேல், என் கைக்கு மேலே வைத்தார். என்னைவிட பலசாலி. மூடியிருக்கலாம். மூடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கியது. இரண்டு இன்ஜெக்டரும் ஒன்றாகத் திறந்தால் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஒரு அளவுக்குக் கீழே போனதும், இனி இந்த ஏற்றத்தில் ரயிலை இழுக்க முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அப்போது அவர் கையை எடுத்துக்கொண்டார். தன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

புகை நின்றது. சிவரூபன் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். ஸ்டீம் இல்லை என்று சொன்னேன். அவர் வாயில் வந்ததையெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். கடல் தாண்டி வந்த மனிதர்கள் தண்டவாளத்தின் ஓரத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் தண்ணீர் ஏற்றி, நெருப்பை வளர்த்து, முள்ளை மறுபடி மேலே கொண்டுவருவதற்குள் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து பெயர்ப்பலகையை மூடிவிட்டது. படம் போயிற்று. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

கண்ணாடிக் குழாயின் மேல்முனை நட்டு வரை தண்ணீர் நிரம்பியிருந்தது. உச்சியைக் கடந்து மூக்கு சாய்ந்தது. சுரங்கத்துக்குள் நான் டார்ச்சைக் கண்ணாடியில் பிடித்தேன். தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய், அடி நட்டுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நின்றது. பாதியிலிருந்து புறப்பட்டிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போட எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. டார்ச் வெளிச்சத்தில் விமலதாச மாத்தயாவும் அதைப் பார்த்தார்.

ஒஹியவில் ஸ்டேஷன் மாஸ்டர் எங்களுக்காகவே நடைமேடையில் நின்றார். காத்திருந்த ரயிலின் பயணிகள் ஜன்னல்களில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டார். கேள்வி சாரதிக்குத்தான். சாரதி வாய் திறக்கவில்லை. படம் எடுத்ததால் தாமதம் என்று சொன்னால், உச்சியில் போட்டோ ஓட்டத்துக்கு இனி அனுமதி கிடைக்காது. சாரதி தண்ணீரைக் கவனிக்கவில்லை என்று சொன்னால், ஓய்வுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரின் பெயர் கெடும். இரண்டையும் நான் யோசித்தேன். ஆனாலும் நான் சொன்ன பதில் யாரையும் காப்பாற்றக் கண்டுபிடித்ததல்ல. நடந்தது அதுதான்.

"ஸ்டீம் எறங்கிருச்சு சேர். எறக்கினது நான்."

பயர்மேனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சமையல்காரன் அடுப்பை அணையவிட்டான் என்பது மாதிரி. ஸ்டேஷன் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீ எதுக்கு எஞ்சின்ல நிக்கிற?" என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்திலிருந்த சிவரூபன், "அதைத்தான் நானும் கேக்கிறன்" என்றார்.

என்னை நீராவி எஞ்சினிலிருந்து எடுத்து டீசலுக்கு அனுப்பினார்கள். பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். காது கைவிடும் வரை அங்கேதான் இருந்தேன். ஆனால் அந்தத் தாமதம் இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றித் தரட்டுமா என்று பின்னால் ஓர் அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றேன். இனி அந்த எஞ்சினில் ஏறப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆவி இறங்கினால் திட்டு விழும், பெயர் கெடும், வேலையும் போகலாம். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி நிறையாமல் உச்சியைத் தாண்டாதீர்கள். சாரதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தாண்டாதீர்கள். நல்லவராக இருந்தால்தான் கை நீட்டுவது கூடுதலாகக் கஷ்டம். அதற்கும் தயாராக இருங்கள்.

டீசலில் இருந்த நாட்களில் ஒருநாள் பதுளையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பட்டிப்பொலவில் எங்கள் ரயில் நின்றபோது, அடுத்த பாதையில் நீராவி எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. ஆர்வலர்கள் கெமராவும் கையுமாக நடைமேடை முழுக்க உலாத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் அடித்தது. புகை இல்லை. இரண்டு இன்ஜெக்டரும் பாடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

என்னோடு இருந்த டீசல் சாரதி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நடு ஸ்டேஷன்ல ஸ்டீம் விழுந்து கெடக்குது பாரு. எவன்டா பயர்மேன்?"

"விழல. எறக்கிட்டு நிக்கிறாங்க" என்றேன்.

நீராவி எஞ்சினின் ஜன்னலுக்குக் கீழே ஒரு வெளிநாட்டுக்காரர் கெமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பும்படி விமலதாச மாத்தயாவைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மாத்தயா திரும்பவில்லை. எங்கள் ரயில் நகர்ந்து, அந்த ஜன்னலுக்கு நேரே நான் கடந்துபோனபோது என்னையும் அவர் பார்க்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.